தலையும் வாலும்

கிளறன்ஸ் முப்பது வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கொழும்புக்கு வந்த சாமானில் பாதி தன் கையால்தான் இறங்கியது என்று சொல்லிக்கொள்வார். அது அளப்புத்தான், ஆனால் அளக்காமல் கதைக்கிற மனிசரைக் கொட்டாஞ்சேனையில் நானும் இன்னும் சந்திக்கவில்லை. இவ்வளவு பாரம் தூக்கியும் எதிலும் அவருடைய பெயர் எழுதப்படவில்லை என்பது மட்டும் உண்மை. ஓய்வு பெற்ற அன்று ஒரு சுவர் மணிக்கூடு கொடுத்து அனுப்பினார்கள், அதிலும் அவருடைய பெயர் இல்லை.

பெயர் எழுதுகிற இடம் என்று அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, தூண்டில் கழகத்துப் பலகை. வெள்ளவத்தையில் ரயில் பாதையோரம் கழகத்துக்கு ஒரு சின்ன மண்டபம் உண்டு. அங்கே சுவரில் ஒரு தேக்குப் பலகை தொங்கும். ஒவ்வொரு வகைக் கடல் மீனுக்கும் ஒரு வரி. கழகத்து ஆட்கள் பிடித்ததில் எது பெரியது, எத்தனை கிலோ, யார் பிடித்தது என்று பொன் எழுத்தில் இருக்கும். வட்டப்பாரைக்கு நேரே நாற்பத்தேழு கிலோ என்று போட்டு, எந்தக் காலத்திலோ வந்துபோன ஒரு வெள்ளைக்காரனின் பெயர். "செத்தும் போயிருப்பான், பலகையை விட்டு இறங்குகிறான் இல்லை" என்று கிளறன்ஸ் திட்டாத மாதம் கிடையாது.

இந்த வருஷம் அந்தத் திட்டில் விளையாட்டு இல்லை. வலது கை நடுங்கத் தொடங்கியிருந்தது. முதலில் தேத்தண்ணிக் கோப்பை தட்டில் கிலுகிலுத்தது, பிறகு சட்டைப் பொத்தான் போட மனைவி யோசெப்பின் வரவேண்டியிருந்தது. டொக்டர் வருத்தத்தின் பெயரைச் சொல்லி, இது சுகமாகிற வருத்தம் இல்லை, இழுத்துப் பிடிக்கத்தான் மருந்து என்றார். கை சும்மா இருந்தால் நடுங்கும், லேசான சாமானைப் பிடித்தாலும் நடுங்கும், நல்ல பாரத்தைப் பிடித்தால் இப்போதைக்கு அடங்கும், போகப் போகப் பிடிக்கிற பலமும் குறையும் என்று ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினார். யோசெப்பின் அப்போது மருந்து வாங்குகிற வரிசையில் நின்றாள். அவளிடம் போய் கிளறன்ஸ் கடைசி இரண்டையும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார்.

யோசெப்பின் தன் பாட்டுக்கு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போனாள். அங்கே என்ன கேட்டாள், என்ன கொடுப்பதாகச் சொன்னாள் என்று அவரும் விசாரிக்கவில்லை. கோயில் அவளுடைய பக்கம், கடல் தன்னுடைய பக்கம் என்று அந்த வீட்டில் எல்லை பிரித்துக் கனகாலம்.

தென்மேற்குக் காற்று எழும்புவதற்கு முந்திய கடைசிப் பௌர்ணமிப் போயா லீவு ஒரு திங்கட்கிழமையில் வந்தது. முழு நிலாவுக்குப் பாரை நன்றாக இரை எடுக்கும். காற்று தொடங்கினால் பிறகு மாதக்கணக்கில் சின்ன வள்ளம் போகாது, மறுபடி கடல் திறக்கும்போது தன் கை எப்படி இருக்கும் என்று கிளறன்ஸுக்குத் தெரியும். இதை விட்டால் இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, மோதரையில் வள்ளம் வைத்திருக்கும் சிநேகிதன் வலன்ரைனோடு விடியற்காலையில் புறப்பட்டார்.

பாரைப் பாறைகளுக்கு மேலே நாலு தடவை சுற்றியும் ஒன்றும் இல்லை. திரும்புவோமா என்று வலன்ரைன் கேட்ட நேரத்தில்தான் அது அடித்தது. தூண்டில் தடி வில்லாக வளைந்தது, நைலோன் நூல் கத்திக்கொண்டு ஓடியது. கிளறன்ஸ் நிலைதடுமாறியதைக் கண்டு வலன்ரைன் தடியைப் பிடிக்கப் பாய்ந்தான்.

"தொட்டியெண்டால் உன்னைக் கடல்ல தள்ளுவன்" என்றார் கிளறன்ஸ்.

அது வெறும் கோபம் இல்லை. வேறொருவர் கை தடியிலோ நூலிலோ பட்டால் அந்த மீன் பலகைக்கு இல்லை. கழகத்தில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற சட்டம் அது. வலன்ரைன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் அந்த மனிசர் தனியே நின்று இழுத்தார். முதுகு வெடித்தது, கண்ணுக்குள் உப்பு. ஆனால் கை மட்டும் ஆடவில்லை. அவரே ஒரு தடவை குனிந்து பார்த்தார். பழைய கிரேன்காரனின் கை, சொன்னதைக் கேட்கிற கை. வருத்தம் வந்த பிறகு அவர் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு மணித்தியாலம்தான்.

மீனை வள்ளத்துக்குள் ஏற்றியபோது இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. அதற்கும் காரணம் உண்டு. தராசில் தொங்கும்வரை நிறையைப் பற்றி ஒரு சொல் வாயில் வரக்கூடாது, வந்தால் கண்ணூறு என்பது கழகத்தில் எல்லோரும் கட்டிக் காக்கிற நம்பிக்கை. படித்தவரும் காப்பார், படிக்காதவரும் காப்பார். கிளறன்ஸ் ஒரு தடவை அதை மீறி, நிறுக்க முன்னமே ஓர் அறுக்குளா மீனைப் பற்றி ஊரெல்லாம் அளந்துவிட்டு, தராசில் அரைக் கிலோ குறைந்து கேவலப்பட்டவர். ஐந்தாறு வருஷம் 'அறுக்குளா கிளறன்ஸ்' என்றே கூப்பிட்டார்கள். அதனால் இந்தத் தடவை உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். ஆனால் கண் சும்மா இருக்குமா? இது ஐம்பதுக்குக் குறையாது என்று அது திரும்பத் திரும்பச் சொல்லியது.

முத்திரை குத்திய கழகத் தராசு செயலாளர் ஸமீமின் பொறுப்பில், வெள்ளவத்தையில் அவருடைய ஹாட்வெயார் கடைக்குள் இருந்தது. போயா லீவு என்று ஸமீம் குடும்பத்தோடு நுவரெலியாவுக்குப் போய்விட்டார், செவ்வாய் மத்தியானம்தான் வருவார். பேலியகொடை மீன் சந்தையில் நிறுக்கலாம் என்றால் போயாவுக்கு அங்கேயும் பூட்டு. திறந்திருந்தாலும் அந்தத் தராசைக் கழகம் ஏற்காது. நிலா நிறைந்த நாளில் மீனைத் தந்துவிட்டு அதே நாளில் தராசைப் பூட்டி வைக்கிற ஊர் இது, யாரை நோவது? வலன்ரைனின் பெரிய ஐஸ் பெட்டியில் மீனைக் கிடத்தி, சின்ன லொறி ஒன்றில் ஏற்றிக் கொட்டாஞ்சேனை வீட்டுப் பின்முற்றத்தில் இறக்கினார்கள்.

யோசெப்பின் மீனைப் பார்க்க முன்னம் புருஷனின் கையைத்தான் பார்த்தாள். அவர் பெட்டியின் பாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, தனிய நிண்டு இழுத்தவர். ஒரு துளி நடுங்கேல்ல, நான் கண்ணால பாத்தனான்" என்றான் வலன்ரைன்.

அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். மீனின் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள், கண் கலங்கியிருந்தது. மீனைக் கண்ட சந்தோஷப் புளுகம் என்று கிளறன்ஸ் நினைத்தார். இதை என்ன செய்யப் போறீங்கள் என்று அவள் கேட்டபோது, நிறுக்க வேண்டும் என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"ஸமீம் வந்து பாக்கோணும். பிறகு நீ என்னவும் செய்" என்றார்.

"பாத்தால் மட்டும் காணுமா?"

"ஓம், பாத்தால் காணும்."

களைத்து அன்று முழுக்கத் தூங்கிவிட்டு, செவ்வாய் காலையில் அவள் எழும்ப முன்னமே பொத்தான் இல்லாத ரீசேட்டை மாட்டிக்கொண்டு, அவர் பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போய், கடை வாசலில் காத்திருந்தார். ஸமீம் மத்தியானம் தாண்டி வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டதும் உடுப்புக்கூட மாற்றவில்லை, தராசைப் பையில் போட்டுக்கொண்டு காரைத் திருப்பினார். காலி வீதியில் கார் ஊர்ந்தது. மடியில் கிடந்த வலது கை தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்ததை ஸமீம் கண்டும் காணாததுபோல் ஓட்டினார். வழக்கத்தை அவரும் மீறவில்லை, நிறையைப் பற்றிக் கேட்கவில்லை. கொள்ளுப்பிட்டி தாண்டும்போது ஒன்று மட்டும் கேட்டார்.

"அண்ணன், வெள்ளக்காரன் எறங்குவானா?"

கிளறன்ஸ் யன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். பலகையில் தன் பெயரை எழுத்து எழுத்தாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். நீளமான பெயர்தான், கொஞ்சம் நெருக்கி எழுதவேண்டி வரும்.

வீட்டுக்குத் திரும்புகிற ஒழுங்கை முகப்பிலேயே மீன் குழம்பு மணத்தது. வீட்டு வாசலில் பெரிய அண்டா கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. முன்வீட்டு டில்ஷானி கைத்துவாயோடு நின்று சிரித்தாள். யோசெப்பின் கோயிலுக்குக் கட்டிய நீலச் சேலை இன்னும் மாற்றவில்லை. வாங்கோ வாங்கோ என்று ஸமீமைப் பின்முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், பெட்டி மூடியைத் தானே தூக்கினாள்.

ஐஸ் மேலே ஒரு பக்கம் தலை, மறுபக்கம் வால். இரண்டையும் கழுவித் துடைத்து நேராக வைத்திருந்தாள். நடுவில் மீன் இருந்த இடத்தில் ஐஸ் நிரப்பியிருந்தது.

"நீங்கள் பாக்கோணும் எண்டு சொன்னவர். அதுதான் தலையையும் வாலையும் தொடாமல் வச்சிருக்கிறன்" என்றாள்.

பிறகு அவளே எல்லாவற்றையும் சொன்னாள். இந்தக் கை சுகப்பட்டு முதல் பிடிக்கிற மீனைச் சமைத்து, வருகிற செவ்வாயே கோயில் வாசலில் இருக்கிறவர்களுக்குக் கொடுப்பதாக நேர்ந்திருந்தாளாம். அந்தோனியார் திங்கட்கிழமை தந்துவிட்டார், செவ்வாயைத் தவற விடலாமா? டில்ஷானியின் புருஷன் வந்து வெட்டித் தந்தான். நூறு பேருக்கு மேல் சாப்பிட்டார்களாம். பூசை முடிய, எல்லோருக்கும் முன்னால் எழும்பி நின்று, என் புருஷனின் கை சுகமாகிவிட்டது என்று நன்றி சொன்னாளாம். சனம் அழுததாம்.

கிளறன்ஸுக்கு யாருடைய கழுத்தையாவது நெரிக்க வேண்டும் போல இருந்தது. யாருடையதை என்றுதான் தெரியவில்லை. நிறுக்க வேண்டும் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இவள் கத்தியைக் கிட்டக் கொண்டுபோயிருக்க மாட்டாள். வாயைக் கட்டியது அவர்தான். கண்ணூறு படாமல் மீனைக் காப்பாற்றிக்கொண்டு வந்து குழம்புச் சட்டியில் போட்டாயிற்று. அவளுடைய முகத்தைப் பார்த்தார். கலியாணம் கட்டின புதிதில் அப்படி ஒரு முகம் கண்டிருந்தார். கையைச் சட்டென்று காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

ஸமீமின் கையில் இருந்த பைக்குள் என்ன என்று அவள் கேட்டாள்.

"அது கடைத் தராசு. திருத்தக் கொண்டுபோறார்" என்று கிளறன்ஸ் முந்திக்கொண்டார்.

ஸமீம் நல்ல மனிசர். ஓம் என்று தலையாட்டி, மீன் அருமை என்று இரண்டு தடவை சொல்லி, கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். கார் வரைக்கும் கிளறன்ஸ் கூடப் போனார். வலன்ரைன் சாட்சி சொல்வான், அவனுடைய போனில் படமும் இருக்கும், கமிட்டியில் கதைத்துப் பார்க்கவா என்று ஸமீம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தலையையும் வாலையும் நிறுத்து எழுதுவீங்களா?"

ஸமீம் தராசுப் பையைப் பின்சீட்டில் வைத்தார். முழு மீன், கழகத் தராசு, இரண்டும் இல்லாமல் பலகையில் ஒரு புள்ளிகூட வைக்க முடியாது என்பதை இருவரும் சேர்ந்துதான் கமிட்டியில் கை தூக்கி நிறைவேற்றியிருந்தார்கள். வெள்ளைக்காரன் அங்கேயே இருப்பான். மேற்கே கடல் பக்கம் வானம் கறுத்திருந்தது, காற்று சொன்ன நாளுக்கு முன்னமே வந்துவிட்டது. அடுத்த முறை கடல் திறக்கும்போது தடியைப் பிடிக்க இந்தக் கை போதாது என்று கிளறன்ஸுக்கு டொக்டர் சொல்லத் தேவையில்லை.

எல்லோரும் போன பிறகு யோசெப்பின் இடியப்பமும் அவருக்கென்று எடுத்து வைத்த குழம்பும் பரிமாறினாள். நடுத்துண்டு, நல்ல தசை. அவர் கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு பசியில்லை என்றார்.

"உங்கட கையால பிடிச்சது. உங்கட கையால ஒரு வாய் சாப்பிடுங்கோ" என்றாள்.

வேறு வழி இல்லை. கையை மேலே எடுத்தார். விரல்கள் குழம்பைத் தொட்டதும் தட்டு மேசையில் தட்டத் தொடங்கியது. இடியப்பம் வாய்க்கு வர முன்னமே விழுந்தது, குழம்பு வெள்ளை மேசைவிரிப்பில் சிந்தியது. இன்னொரு தடவை முயன்றார், அதுவும் விழுந்தது.

யோசெப்பின் அழவில்லை. எழும்பி வந்து பக்கத்தில் இருந்து, அந்தக் கையை மேசையில் வைத்து, மேலே தன் கையை அழுத்தினாள். நடுக்கம் நின்றது.

"அப்ப நேற்று எப்பிடி நிண்டது?" என்று கேட்டாள்.

இன்னொரு பொய் சொல்லலாம். ஒரு நாளைக்கு ஒரு பொய்க்கு மேல் அவரிடம் பலம் இல்லை.

"பாரம் இருந்தது. பாரம் பிடிச்சால் நிக்கும். டொக்டர் அப்பவே சொன்னவர்."

அவள் மற்றக் கையால் விழுந்த இடியப்பத்தை எடுத்துத் தட்டில் போட்டாள். பிறகு, "கோயில்ல எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டன்" என்றாள்.

கையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள். கீழே விரல்கள் தொடங்கின. திரும்ப வைத்து முன்னையிலும் பலமாக அழுத்தினாள், நின்றது. அப்படியே இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பாத்திரம் கழுவ அவள் எழும்பத்தான் வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.