சிவப்புக் கோட்டும் முழங்கைப் பட்டையும்

தன்னைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்று தெரிந்துகொள்ள, கில்மோரனில் ஒருவர் செத்துப்போக வேண்டியதில்லை. கோல்ஃப் கிளப்புக்குக் கேப்டன் ஆனால் போதும். செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை, காலை சரியாக எட்டு மணிக்கு, புதுக் கேப்டன் ஆட்டம் தொடங்கும் முதல் மேட்டில் நின்று ஒரே ஒரு பந்தை அடிப்பார். குட்டிப் பீரங்கி ஒன்று வெடிக்கும். அந்தப் பந்தை எடுத்துவந்து அவர் கையில் கொடுப்பவருக்கு ஒரு பாட்டில் விஸ்கி. அதனால் பந்து எங்கே விழும் என்று தோன்றுகிறதோ அங்கே ஊர் போய் நின்றுகொள்ளும். யாரும் வாய் திறந்து எதுவும் சொல்வதில்லை. நிற்பார்கள், அவ்வளவுதான்.

இந்த வருஷக் கேப்டன் என் அப்பா, மர்டோ கெடஸ். பல் டாக்டர். வேறு யாரும் ஒப்புக்கொள்ளாததால் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். முப்பது வருஷமாக அவர் அடிக்கும் பந்து நேராகத்தான் கிளம்பும். பாதி வழியில் கடல் ஞாபகம் வந்ததுபோல வலது பக்கம் வளைந்து, கரையோரச் சுவரைத் தாண்டிப் போய்விடும்.

"மர்டோ, நான் சுவரோரமா நாற்காலி போட்டுக்கலாம்னு இருக்கேன்" என்றார் பெரியப்பா டார்க்வில், போன ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின்போது. "உனக்கும் வயசாச்சு, எனக்கும் வயசாச்சு. எதுக்கு வீணா அலையணும்?"

பெரியப்பா பதினொரு வருஷத்துக்கு முன் கேப்டனாக இருந்தவர். அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின இரண்டு நாள் காய்ச்சலில் படுத்துக் கிடந்து, பெரியம்மா ஸ்பூனால் ஊட்டிய சூப்பில் உயிர் பிழைத்து, எழுந்து வந்து பந்தை நடுமைதானத்துக்கு அடித்தவர். குடும்பத்தில் இதை ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது கேட்டுவிடுவோம்.

அப்பா தன் தட்டிலிருந்த உருளைக்கிழங்கை மட்டும் தேவைக்கு மேல் மசித்தார். புதன்கிழமை தபாலில் ஒரு பட்டை வந்தது. இரண்டு முழங்கைகளையும் சேர்த்துக் கட்டும் பட்டை. அதைக் கட்டிக்கொண்டு பழகினால் கை விலகாது, கை விலகாவிட்டால் பந்து வளையாது என்று பெட்டியில் போட்டிருந்தது. பெட்டியில் இருந்த படத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அண்ணன் இல்லை போலும்.

சனிக்கிழமை ஏழு நாற்பதுக்கு, மேட்டுக்குப் பின்னாலிருந்த சாமான் கொட்டகையில் நானும் அப்பாவும் கதவைச் சாத்திக்கொண்டு நின்றோம்.

"கோட்டு மேலயே கட்டுடா. கோட்டோட அடிச்சுப் பாத்தாதான் தெரியும்."

சிவப்புக் கோட்டு 1891இல் தைத்தது. ஒவ்வொரு கேப்டனும் அதற்குள் எப்படியாவது நுழைந்தாக வேண்டும். அதன் மேல் பட்டையைச் சுற்றி இழுத்தேன். பல் வைத்த பூட்டு கர்ரக் என்று இறுகியது. கொட்டகைக்குள் தொங்கிய பயிற்சி வலையைப் பார்த்துப் பதினொரு பந்து அடித்தார். பதினொன்றும் நேர். அப்பா முகத்தில் அப்படி ஒரு களையை நான் பார்த்ததில்லை. நான் பட்டம் வாங்கினால் வரும் களையாக இருக்கலாம். இன்னும் வாங்காததால் உறுதியாகச் சொல்ல முடியாது.

"போதும், கழட்டு."

"கழட்டறேன்."

"என்னடா பண்ற?"

"கழட்டற துண்டு தனியா வந்துடுச்சுப்பா."

அதை அவர் மூக்குக்கு நேரே காட்டினேன். கைகளை விரிக்கப் பார்த்தார். கர்ரக். இன்னும் ஒரு பல் இறுகியது.

நான் பேனாக்கத்தியை எடுத்தேன்.

"கத்திய உள்ள வை. இந்தக் கோட்டுல இதுவரைக்கும் ஒரு குண்டூசி பட்டதில்ல. என் காலத்துலயா கிழியணும்?"

கதவு தட்டப்பட்டது. "கேப்டன், அஞ்சு நிமிஷம்." மிஸ் டிரைஸ்டேல், கிளப் செயலாளர். விதிப்புத்தகம் மனப்பாடம். தன்னைக் கட்டிக்கொள்ள இருந்தவரையே ஒரு போட்டியிலிருந்து நீக்கியவர், அதனால்தான் இன்னும் மிஸ். கேப்டன் அடிக்கும் அந்தப் பந்துதான் அன்றைய கோப்பைப் போட்டிக்கும் முதல் அடி. போட்டியில் பயிற்சிச் சாமான் எதையும் மாட்டியிருக்கக் கூடாது.

வேறு வழியில்லை. என் மழைக்கோட்டை அப்பாவின் தோளில் போர்த்தி, கைகூப்பிய கோலத்தில் அவரை வெளியே கூட்டிவந்தேன். பார்ப்பவர்களுக்குப் பக்தி முற்றிவிட்டதாகத் தோன்றியிருக்கும்.

மைதானத்தின் நடுவில் யாரும் இல்லை. ஒரு நாய் மட்டும் நின்றது, அதுவும் வழி தவறி வந்தது. ஊர் மொத்தமும் வலது பக்கச் சுவரோரம். நட்டநடுவே மடக்கு நாற்காலியில் பெரியப்பா, கையில் ஃபிளாஸ்க்.

வீட்டு ஆள்தான் பந்து வைக்க வேண்டும் என்பது வழக்கம். குனிந்து வைத்தேன்.

"சிவப்புக் கோட்டு தெரியணும், கேப்டன்" என்று பின்னால் வந்த மிஸ் டிரைஸ்டேல், மழைக்கோட்டை உருவினார்.

அதே நொடியில் அப்பா அடிக்கக் குனிந்து, மட்டையைப் பந்துக்குப் பின்னால் தரையில் ஊன்றிவிட்டார்.

மிஸ் டிரைஸ்டேல் வாயைத் திறந்தார். மூடினார். எங்கள் ஊரில் சாவு வீட்டில்கூட இருமலாம். பந்துக்கு முன்னால் ஒருவர் நிற்கும்போது மூச்சுச் சத்தம் கேட்கக்கூடாது. மேட்டில் நின்ற பழைய கேப்டன்கள் ஒன்பது பேரும் பட்டையைப் பார்த்தார்கள். ஒன்பது பேரும் ஊமையாக நின்றார்கள்.

அடிக்காதவரை யாரும் எதுவும் சொல்ல முடியாது. அது அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அடிக்கவில்லை. ஒரு நிமிஷம் ஆனது. மூன்று ஆனது. பீரங்கிக்காரர் திரியைப் பிடித்தபடி வியர்த்தார்.

உதடு அசையாமல் அப்பா முணுமுணுத்தார். பல் டாக்டர்களுக்கு அது கைவந்த கலை.

"அடிச்சா நேராப் போகும்டா."

"போகும்பா."

"பட்டையாலதான் போச்சும்பாங்க."

"ஆமாம்பா."

"வளைஞ்சா?"

"பட்டை போட்டும் வளைஞ்சுதும்பாங்க."

கடற்காகம் ஒன்று கத்தியது. அதற்கு விதி தெரியாது. அப்பா மறுபடி குனிந்து பந்தைப் பார்த்தார். பிறகு இடது காலை ஓரங்குலம் நகர்த்தினார். வலது காலை ஓரங்குலம் நகர்த்தினார். பின்னால் நின்ற எனக்கு மட்டும் தெரிந்தது: அவர் தோள் இப்போது மைதானத்தைப் பார்க்கவில்லை, சுவரோர நாற்காலியைப் பார்த்தது.

அடித்தார். பீரங்கி வெடித்தது. பந்து நூல் பிடித்ததுபோலப் போய் நாற்காலிக்கு முன்னால் விழுந்தது. ஊர் கைதட்டிச் சிரித்தது. தாங்கள் நினைத்தது சரிதான் என்று தெரிந்தவர்களின் சிரிப்பு.

"பட்டை போட்டுமா இப்படி?" என்றார் ஒரு பழைய கேப்டன், இரக்கத்தோடு.

"கோப்பையிலேருந்து நீங்க நீக்கம்" என்றார் மிஸ் டிரைஸ்டேல். "கேப்டனா இருக்கலாம். வேற யாரும் கேக்கல."

பெரியப்பா பந்தோடு ஆற அமர நடந்து வந்தார். கட்டுண்ட கைகளுக்குள் அதை வைத்தார். விஸ்கியைக் கேட்கவில்லை.

"வளையலியே, மர்டோ" என்றார் தாழ்ந்த குரலில்.

"இல்ல."

"என்னைப் பாத்துத்தான் அடிச்சியா?"

"ஆமா."

"அரையடி தள்ளி விழுந்துச்சு."

"வலது பக்கமா?"

"இடது பக்கம்."

அப்பா முகத்தில் அந்தக் களை மறுபடி வந்தது. இடது பக்கம். முப்பது வருஷத்தில் முதல் முறை.

பெரியப்பா சுற்றிலும் பார்த்துவிட்டு, பட்டைக்கு அடியில் விரலை விட்டு எதையோ அழுத்தினார். டக்கென்று விட்டுக்கொண்டது.

"அடிப்பக்கம் ஒரு பொத்தான் இருக்கு. எனக்கு அதக் கண்டுபிடிக்க ரெண்டு நாளாச்சு."

அப்பா முழங்கையைத் தேய்த்துக்கொண்டு அண்ணனையே பார்த்தார். நானும் பார்த்தேன்.

"சும்மா சொல்லக்கூடாது" என்றார் பெரியப்பா, என் பக்கம் திரும்பி. "உங்க பெரியம்மா சூப் நல்லா வைப்பா."