சிலை திறக்க வந்தவரின் இருமல்

போன ஆகஸ்ட் பதினைந்து அன்று தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் என் அப்பாவுக்குச் சிலை திறந்தார்கள். அப்பா டாக்டர் தேவசகாயம், வெள்ளைக்காரன் காலத்தில் ஜெயிலுக்குப் போனவர். பிறகு எம்.எல்.ஏ. ஆனவர். சாகிறவரைக்கும் ஹோமியோபதி உருண்டை கொடுத்தவர். அந்தக் கிளினிக்கை இப்போது நான்தான் நடத்துகிறேன்.

எதிரே சயனைடு மேடு. சுரங்கத்தில் சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு மிச்ச மண்ணைக் கொட்டிய மலை அது. அந்தத் தூசியை அடக்கச் சொல்லிச் சட்டசபையில் கத்தியே அப்பாவின் தொண்டை போனது. தூசி படாமலிருக்கச் சிலையை ஒரு வாரமாகப் பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்திருந்தார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த மரியாதைகூடக் கிடைத்ததில்லை.

திறக்க வந்தவர் முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோலார் டவுனின் கட்சித் தலைவர் சென்னப்பா. "மேடைல தூசி பேச்சு மட்டும் வேணாம் மேடம், நல்ல நாள்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் மைக்கைப் பிடித்ததும் காற்று அடித்தது. மேட்டு மண் பறந்து வந்தது. இருமல் நிற்காமல், பக்கத்திலிருந்த என் கிளினிக்குக்கு ஓடி வந்தார்.

கேள்வி கேட்காமல் அப்பா மருந்து கொடுத்ததில்லை. நானும் கேட்டேன்.

"எப்போலேர்ந்து இருமல்?"

"இப்போதான், காத்து அடிச்சப்போ."

"வீட்ல இருக்கும்போது வருமா?"

"கோலார்ல வரவே வராது."

மருந்துப் புட்டியை மூடினேன்.

"உங்களுக்கு மருந்து வேணாம். கார் ஏறி வீட்டுக்குப் போங்க, சரியாப் பூடும். எங்க வீடே இங்கதான். நாங்க எந்தக் கார்ல ஏறி எங்க போறது?"