கைக்குட்டை போடாத வெளிச்சம்

பழவேற்காட்டில் கருவாட்டு மண்டி வைத்திருந்த ஷஃபியுல்லா, மதராசுக்குச் சரக்கு கொண்டுபோன இடத்தில் கேமரா வாங்கி வந்தார். அன்றிலிருந்து மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஃப்ளாஷ் பல்பில் சின்னது, பெரியது என்று இரண்டு வகை இருந்தன. வெளிச்சம் கூடினால் நல்லதுதானே என்று பெரியதையே அள்ளிக்கொண்டார்.

"கிட்ட போய் எடுத்தா வெளக்கு மேல கைக்குட்டை போட்டுக்குங்க சாயபு. இல்லாட்டி மொகம் வெளுத்துப் போயிடும்" என்று கடைக்காரர் சொல்லித்தான் அனுப்பினார்.

ஒரு பல்பு ஒரு தடவைதான் எரியும். பூனை, ஊறுகாய் ஜாடி என்று கண்டதையெல்லாம் எடுத்துத் தீர்த்ததில் மிச்சம் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றோடுதான் பக்கத்து ஊர் தணிகாசலம் வீட்டுக்குப் போனார். தணிகாசலத்தின் சின்ன மகள் சந்திரகலா விடியற்காலையில் காய்ச்சலில் போய்விட்டாள்; படம் எடுக்க வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள்.

உள்ளே ஒரே இருட்டு. வாசலில் கிடத்தினால் வெயிலிலேயே எடுத்துவிடலாம். ஆனால் ஒருமுறை வெளியே கொண்டுவந்தால் திரும்ப உள்ளே கொண்டுபோக மாட்டார்கள், நேரே இடுகாடுதான். தாய் மணியம்மாள் அதற்கு விடவில்லை.

"உள்ளயே எடுங்க பாய். இவளுக்குன்னு ஒரு போட்டோகூட கெடையாது. கிட்ட போயி மொகத்த மட்டும் எடுங்க."

ஷஃபியுல்லா கைக்குட்டையை எடுத்து விரித்தார். மணியம்மாள் அலறினாள்.

"இன்னும் கோடித் துணிகூட போடல பாய்! அந்த வெள்ளத் துணிய எடுத்துடுங்க!"

இது விளக்குக்குத்தான் அம்மா, குழந்தைக்கு இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லாமல் கைக்குட்டையைப் பைக்குள் திணித்துக்கொண்டார். தூரத்தைக் கணக்குப் பார்த்தார். பல்பு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துவிட்டுப் பொத்தானைத் தட்டினார். பளீரென்று ஒரு வெளிச்சம், அவ்வளவுதான்.

மதராசில் கழுவி வந்த படத்தில் ரிப்பன் தெரிந்தது, தலையணைப் பூ தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. கிழித்துப் போடவும் தைரியம் இல்லாமல் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மணியம்மாள் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. படத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"போவட்டும் பாய். அன்னிக்கு எனக்குக் கண்ணு முச்சூடும் தண்ணி, ஒண்ணும் சரியாத் தெரியல. நீங்கதானே அவ்ளோ கிட்ட குந்திக்கினு பாத்தீங்க. கடேசியா மொகம் இன்னா மாதிரி இருந்துச்சு? சொல்லுங்க."

ஷஃபியுல்லா நினைத்து நினைத்துப் பார்த்தார். தூரம் ஞாபகம் வந்தது, பல்பு ஞாபகம் வந்தது. குழந்தையின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

"தூங்கிக்கினு இருக்கறாப்பல இருந்துச்சும்மா" என்றார்.