லாசருவின் கதை சொல்லப்படாத வருஷம்

பெரிய மீன் விழுங்கிய யோனாவின் கதையை ரெம்ருவாதி சொன்ன ஞாயிறு தொடங்கி அந்த வாரம் முழுக்கத் தேவாலயத்தின் பின்கூடத்தில் கடல்மீன் வாடை அடித்தது. மிசோரம் மலையூர் அது. கடலைக் கண்டவர்கள் குறைவு. பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவர்தான் முகர்ந்து பார்த்து இன்ன வாடை என்று சொன்னார்.

இஞ்சி பயிரிட்டுப் பிழைக்கும் ரெம்ருவாதிக்கு, வேறு ஆள் கிடைக்காமல்தான் ஞாயிறு பள்ளியின் சிறுவர் வகுப்பைக் கொடுத்திருந்தார்கள். அவள் சொல்லும் கதை கூடத்துக்குள் நிஜமாகவே நடந்தது. பெருமழை கொட்டும் நோவா கதைக்குப் பிள்ளைகள் குடையோடு வந்தார்கள். வனாந்தரத்தில் காடை விழுந்த கதைக்குத் தாய்மார்கள் கூடையோடு சன்னலோரம் காத்திருந்தார்கள். அன்று எல்லா வீட்டிலும் கறி. சபை மூப்பர் ரொசாங்கா தடுத்தது தண்ணீர் திராட்சமதுவான கானாவூர்க் கலியாணத்தை மட்டும்தான். ஊரில் மதுவிலக்கு, போலீசுக்கு யார் பதில் சொல்வது?

அந்த மழைக்காலத்தில் மண் சரிந்து டிங்லியானியின் அம்மா இறந்துபோனாள். இளைஞர்கள் குழி வெட்ட, ஊரே அந்த வீட்டில் கூடி உட்கார்ந்து பாடியது. அடுத்த ஞாயிறு டிங்லியானி, பத்து வயதுக்காரி, முன்பெஞ்சுக்கு இடம் மாறினாள்.

"ரெம் அக்கா, இன்னைக்கு லாசரு கதை சொல்லுங்க. செத்தவரு கல்லறையிலேருந்து எழும்பி வருவாரே, அது."

ரெம்ருவாதி தாவீதின் கதையைச் சொன்னாள். மறுவாரமும் டிங்லியானி கேட்டாள். இப்படியே இஞ்சி விதைத்து, களையெடுத்து, தோண்டியும் முடிந்தது. அந்த அம்மா எழுந்து வந்தால் என்ன ஆகும், வராவிட்டால் இந்தப் பிள்ளை என்ன ஆகும் என்று இரண்டுக்கும் சேர்த்தே ரெம்ருவாதி பயந்தாள். மூப்பரிடம் போய்க் கேட்டாள். அவருக்கு வேறு கவலை.

"ஒருத்தி மட்டும்னா சரி. கல்லறை மேட்டுல இருக்கிற அத்தனை பேரும் எழும்பி வந்தா எங்கேம்மா தங்க வைக்கிறது?" என்றவர், கொஞ்சம் யோசித்து, "என் வீட்டுல ஒரு அறை காலியாத்தான் இருக்கு," என்றார். அவர் மனைவியும் அந்த மேட்டில்தான் இருந்தாள்.

அடுத்த ஞாயிறு ரெம்ருவாதி லாசருவின் கதையைத் தொடங்கினாள். கூடத்துக்கு வெளியே பெரியவர்கள் நின்றார்கள். சிலர் கையில், எழும்பி வருகிறவர்கள் உடுத்த, துவைத்த துணி இருந்தது. கல்லறைக்கு முன் நின்று இயேசு அழுத இடம் வந்தபோது அவள் நிறுத்தினாள். அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. ஆனால் கதைக்குள் தொடங்கிய அழுகை நிற்கவில்லை. முன்பெஞ்சில் டிங்லியானிக்குப் பக்கத்தில், யாரும் இல்லாத இடத்தில், ஓர் ஆண்குரல் விம்மியது. பலகை நனைந்தது.

டிங்லியானி வாசலைப் பார்த்தாள்.

"அம்மா வரலையா, அக்கா?"

"இல்லடா."

"எப்பவாச்சும் வருவாங்களா?"

"வருவாங்கன்னு நம்புறேன். எப்பன்னு எனக்குத் தெரியல."

டிங்லியானி பக்கத்து இடத்தை உற்றுப் பார்த்தாள்.

"இவருக்கும் தெரியலையா, அதான் அழுறாரா?"

டிங்லியானி நகர்ந்து, அந்தக் குரலை ஒட்டி உட்கார்ந்தாள். அம்மா போன பிறகு அன்றுதான் முதல்முறையாக அழுதாள்.

கதையின் மீதியை ரெம்ருவாதி இன்னும் சொல்லவில்லை. ஊரில் யார் வீட்டில் சாவு நடந்தாலும், அந்த வீட்டுப் பிள்ளையை முன்பெஞ்சில் உட்காரவைத்துப் பக்கத்து இடத்தைக் காலியாக விடுகிறார்கள். போன கோடையில் மூப்பர் ரொசாங்காவும் ஒரு நாள் வந்து பிள்ளைகளோடு அங்கே உட்கார்ந்து போனார். நனைந்து நனைந்து அந்தக் காலி இடத்துப் பலகை சீக்கிரம் உளுத்துவிடுகிறது. தச்சர் மழைக்காலம் முடிந்ததும் வந்து மாற்றிக் கொடுக்கிறார்.