மாதா பார்க்கும் இடம்

எங்கள் ராயபுரத்து வீட்டு வாசலில் நின்ற வாதாங்கொட்டை மரத்தில் ஒரு பொந்து இருந்தது. என் மனைவி வியாகுலம்மாள் அதற்குச் சிமென்ட் பூசி மாடமாக்கி, வீட்டைப் பார்த்தபடி மாதா சுரூபத்தை வைத்துவிட்டாள். பொந்தை மூடாதே, உள்ளே ஈரம் தங்கி மரம் உளுத்துப்போகும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். துறைமுகத்தில் இருபது வருஷம் தச்சு வேலை பார்த்தவன் பேச்சு வீட்டில் எடுபடுமா?

அறுபத்தாறு அக்டோபர் மழையில் வேரடியில் காளான் முளைத்தது. என் தச்சுச் சுத்தியலான கொட்டாப்புளியால் மரத்தை மூன்று முறை தட்டினேன். காலிப் பீப்பாய்ச் சத்தம். கையை எடுத்த பிறகு உள்ளேயிருந்து மூன்று தட்டு திரும்பி வந்தது. வியாகுலம்மாளிடம் சொல்லவில்லை, அதற்கும் மெழுகுவத்தி ஏற்றிவிடுவாள்.

அந்த வாரம்தான் எங்கள் ஒரே மகள் எல்சி பிரசவத்துக்கு வந்தாள்.

"பாத்தியாய்யா? மாதா எம் பொண்ணையே பாத்துகினு கீது" என்றாள் வியாகுலம்மாள்.

உண்மைதான். முன்பு ஓட்டுக் கூரையைப் பார்த்த கண்கள் இப்போது ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தன. அந்தப் பார்வை விழும் இடத்துக்கே எல்சியின் கட்டிலை வியாகுலம்மாள் நகர்த்திப் போட்டாள். பார்வை நாளுக்கு நாள் இறங்கியது. முதலில் சுவர்க் காலண்டர், பிறகு தலையணை. கல்லறைத் திருநாளன்று எல்சியின் வயிற்றில் நின்றது.

தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தேன். மரம் வீட்டுப் பக்கம் ஒரு சாண் சாய்ந்திருந்தது. பின்பக்கம் கை நுழையும் அளவுக்கு மண் பிளந்திருந்தது.

"மரத்த இப்பவே வெட்டணும்" என்றேன்.

"மாதா கீற மரத்தையா? உனக்கு இன்னா பைத்தியமா?"

"நான் இங்கதான் படுப்பேன் நைனா. மாதா பாத்துகினு இருந்தா எனக்கு பயமில்ல" என்றாள் எல்சி.

மறுநாள் காலை துறைமுகத்தில் பெரிய புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். இனி வெட்ட நேரமில்லை. கூப்பிட்டால் இவர்கள் வரவும் மாட்டார்கள். ஏணி போட்டு ஏறிச் சுரூபத்தைப் பெயர்த்தெடுத்தேன். மார்போடு அணைத்துக்கொண்டு கோயிலைப் பார்த்து ஓடினேன்.

"ஐயோ, மாதாவத் தூக்கினு போறான்!" என்று கத்திக்கொண்டே வியாகுலம்மாள் பின்னால் வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எல்சியும் வந்தாள். அவள் வரவேண்டும் என்றுதான் மெல்ல ஓடினேன்.

காற்று அடங்கித் திரும்பியபோது மரம் வீட்டுக்குள் கிடந்தது. காலி மாடம் எல்சியின் கட்டிலை நசுக்கியிருந்தது. பிளந்த மரத்துக்குள் வெறும் கறுப்புத் தூள். ஒரு புழுகூட இல்லை. அப்படியே உட்கார்ந்து அழுதேன். ஆசீர்வாதம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். மரம் விழும் இடத்தை அல்லவா மாதா காட்டிக்கொண்டிருந்தாள்!

பேரன் பிறந்து நாற்பது நாளாகிறது. மிச்சமிருந்த அறையின் சுவரில் நானே பலகை அடித்து, மட்டம் பார்த்து, மாதாவை வைத்தேன். அன்று எதிர்ப்பக்கம் உத்தரத்தைப் பார்த்திருந்தாள். நேற்று தொட்டில் கயிற்றைப் பார்த்தாள். இன்று காலை பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறாள்.

கொட்டாப்புளியை எடுத்துச் சுவரில் மூன்று முறை தட்டினேன். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"எல்சி, புள்ளையத் தூக்கினு வெளிய வா!"