ஒரே தரை, இரண்டு ஓட்டம்

நிஸ்லாவின் கால் தரையில் நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. மூன்று நாளாக பிரஷாந்தி அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கால் என்றால் உண்மையான கால் இல்லை. மடிக்கணினியில் அவளே வரைந்த கால். திரையில் இரண்டு பெண்கள் அருகருகே நூறு மீற்றர் ஓடினார்கள். நெட்டையானவள் பிரஷாந்தி. அவளுடைய பாதம் தரையைத் தொட்டது, ஊன்றியது, உதைத்தது. கட்டையானவள் நிஸ்லா. அவளுடைய பாதமும் தொட்டது, ஆனால் தொட்ட இடத்தில் நிற்காமல் சவர்க்காரத் தண்ணீரில் மிதித்தது போல முன்னால் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு பேருக்கும் ஒரே தரை, ஒரே வேகம், ஒரே எண்ணிக்கையில் படங்கள். ஒருத்தி ஓடினாள், மற்றவள் சறுக்கினாள். ஏனென்று பிரஷாந்திக்கு விளங்கவே இல்லை.

அனிமேசன் படத்தில் உண்மையில் யாரும் ஓடுவதில்லை. ஆள் திரையின் நடுவிலே நின்று காலை ஆட்டுகிறாள். அவளுக்குக் கீழே வரைந்து வைத்த தரைதான் பின்னால் இழுபடுகிறது. ஒரு செக்கனுக்கு இருபத்துநான்கு படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் தரை கொஞ்சம் பின்னால் போகும். பாதம் தரையில் இருக்கும் படங்களில், தரை எவ்வளவு பின்வாங்குகிறதோ அவ்வளவுக்குப் பாதமும் பின்வாங்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் கண் ஏமாந்து, ஆள் ஓடுகிறாள் என்று நம்பிவிடும். ஒரு நூல் பிசகினாலும் நம்பாது. கண் மற்ற எல்லாவற்றையும் மன்னிக்கும். மூக்கு கோணலாக இருந்தாலும் மன்னிக்கும். கால் வழுக்கினால் மட்டும் மன்னிக்காது.

பிரஷாந்தி கைவசம் இருந்த வைத்தியமெல்லாம் செய்து பார்த்தாள். தரையைக் கொஞ்சம் மெதுவாக இழுத்தாள். நிஸ்லாவின் கால் நின்றது, ஆனால் இப்போது பிரஷாந்தியின் கால் பின்னால் வழுக்கியது. நிஸ்லா எடுத்து வைக்கும் எட்டை நீட்டினாள். கட்டைக் காலை அவ்வளவு அகல விரித்ததில் ஒவ்வொரு முறையும் அவள் வாய்க்கால் தாண்டுவது போல இருந்தது. காலையே நீளமாக்கினாள். கால் நின்றது, ஓட்டமும் அழகாக வந்தது, ஆனால் ஓடியவள் நிஸ்லா இல்லை. கடைசியில் பாதத்தைச் சுற்றிப் புழுதி கிளப்பி மூடினாள். புழுதிக்குள்ளும் கால் வழுக்குவது தெரிந்தது.

வேறு படமாக இருந்தால் விட்டிருப்பாள். பள்ளிமுனையில் ஒரு ஸ்ரூடியோவில் கலியாண அல்பம் செய்கிறவள் அவள். தலைப்பாகை சரிந்த மாப்பிள்ளையை நிமிர்த்துவதும், சிரிக்காத மாமியாரைச் சிரிக்க வைப்பதும் தொழில். மிச்ச நேரத்தில் எட்டு மாதமாக இந்த நாலு நிமிடப் படத்தைச் செய்துகொண்டிருந்தாள். வருகிற சனிக்கிழமை மன்னார் நகரத்தில் இளைஞர்களின் குறும்படங்களைத் திரையிடுகிறார்கள். வியாழன் பின்னேரம் ஐந்து மணிக்கு முன் படத்தைக் கொடுக்க வேண்டும். படத்தில் உண்மையான ஆட்களின் பெயர் வந்தால் அவர்கள் கையொப்பம் வைத்த கடிதமும் வேண்டும்.

அந்தக் கையொப்பத்தில்தான் சிக்கல்.

பிரஷாந்தி தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து, பதினோரு வயதில் தாய் தகப்பனோடு மன்னாருக்கு வந்தவள். வந்த வருடமே விளையாட்டுப் போட்டியில் வெறுங்காலோடு ஓடி முதலாவதாக வந்தாள். அடுத்த வருடம் வேறொரு பள்ளிக்கூடத்து நிஸ்லா அவளை முந்தினாள். அதற்கடுத்த வருடம் இவள் அவளை முந்தினாள். இப்படியே ஆறு வருடம் மாறி மாறிப் போய், இரண்டாயிரத்துப் பதினேழில் நடந்த கடைசி வலயப் போட்டியில் நிஸ்லா ஒரு தோளளவில் வென்றாள். அந்தக் கடைசி ஓட்டம்தான் படம். தோற்றவள் வரைகிறாள், வென்றவள் ஒப்பம் வைக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நிஸ்லா ஸ்ரூடியோவுக்கு வந்தாள். ஒரு மருந்தகத்தில் வேலை. விடியற்காலையில் தன் ஊர்ப் பெண் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்குகிறாள். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தாள். முதல் மூன்று நிமிடம் சிரித்துச் சிரித்துப் பார்த்தாள். கடைசி ஓட்டம் வந்ததும் சிரிப்பு நின்றது. திரும்பப் போடச் சொன்னாள். திரும்பவும் போடச் சொன்னாள்.

"இதென்னடி, நான் ஓடுறனோ, சறுக்கிறனோ?"

பிரஷாந்தி நடந்ததைச் சொன்னாள். தரையை மெதுவாக்கியது, காலை நீட்டியது, புழுதி போட்டது எல்லாவற்றையும் ஒன்றும் ஒளிக்காமல் சொன்னாள். நிஸ்லா தலையாட்டிக் கேட்டாள். கேட்டுவிட்டு, ஒப்பம் வைக்காமலே கடிதத்தை மடித்துத் தன் கைப்பையில் வைத்தாள்.

"நான் சொல்லுறதைக் கேள். இந்தப் படத்தில வெண்டவள் வழுக்கி வெண்டிருக்கிறாள். தோத்தவள் வடிவா ஓடித் தோத்திருக்கிறாள். கீறினது ஆர்? தோத்தவள். சனம் என்ன சொல்லும்? நீ வேணுமெண்டு செய்யேல்லை எண்டு எனக்குத் தெரியும். சனத்துக்குத் தெரியுமோ?"

பிரஷாந்திக்கு முகம் சுட்டது. எட்டு மாதத்தில் ஒருநாளும் அந்தக் கோணத்தில் அவள் பார்க்கவில்லை. வியாழக்கிழமைக்குள் அந்தக் கால் நிற்காவிட்டால் படம் இல்லை. அதைவிட, வென்றவளைத் தான் ஏளனம் செய்ததாக ஆகிவிடும். நிஸ்லா ஓடுவதை ஒரே ஒரு தரம் கைபேசியில் எடுத்துவிட்டால் அதைப் பார்த்துச் சரியாக வரைந்துவிடலாம் என்றாள்.

நிஸ்லா முடியாது என்றாள். பதினாறு வயதில் அவள் தடுக்கி விழுந்ததை யாரோ எடுத்து, பாட்டும் போட்டு, ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு முடிவு செய்தது: ஓடும்போது கமரா இல்லை. பிரஷாந்தி வரைகிற படம் என்றபடியால்தான் இதற்கே அவள் சம்மதித்திருந்தாள். பிரஷாந்திக்கும் அது தெரியும். அதனால்தான் தன்னை மட்டும் வீடியோ எடுத்து, தன் ஓட்டத்தைப் படம் படமாகப் பார்த்து வரைந்துவிட்டு, அதன் மேலேயே நிஸ்லாவையும் வரைந்திருந்தாள். ஆள் கட்டை என்பதால் கை கால்களைக் கொஞ்சம் சுருக்கினாள், அவ்வளவுதான்.

நிஸ்லா இதைக் கேட்டுக் கண்ணை அகல விரித்தாள். "அப்ப இது நானில்லை. என்ர சட்டையைப் போட்டுக்கொண்டு நீ ஓடுறாய்."

"ஆறு வருசம் உனக்குப் பக்கத்தில ஓடினனான். உன்ர ஓட்டம் எனக்குத் தெரியாதோ?"

"தெரியாது. பக்கத்தில ஓடுறவள் எப்பிடி ஓடுறாள் எண்டு ஆரடி பாக்கிறது? பாத்தால் தோத்திடுவம். நானும் உன்னைப் பாக்கேல்லை." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உனக்கு என்ர முகம் வேணுமோ, கால் வேணுமோ?" என்று கேட்டாள்.

கால் எங்கே விழுகிறது என்று தெரிந்தால் போதும் என்றாள் பிரஷாந்தி.

"அப்ப ஈர மணல்ல ஓடினால் தடம் விழும், அது காணாதோ?"

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு இரண்டு பேரும் ஓலைத்தொடுவாய்க் கரையில் நின்றார்கள். பிரஷாந்தியின் அண்ணன் ஜெராட்டின் வள்ளம் அங்கேதான் நிற்கிறது. கடலால் வந்து வலை தட்டிக்கொண்டிருந்தவனை நடுவராக நிற்கச் சொன்னார்கள். அவன் தங்கையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கதிரையில் இருந்து வேலை செய்கிறவள் ஓடுவதென்றால் முதலில் அம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு ஓடு என்றான்.

இடத்தைத் தெரிவு செய்வதற்கே நேரம் எடுத்தது. மேலே காய்ந்த மணலில் கால் புதையும், தடம் தங்காது. கீழே அலை வந்து அழித்துவிடும். இரண்டுக்கும் நடுவில், தண்ணீர் வடிந்து இறுகிக் கிடந்த இரண்டு ஆள் கை விரித்த அகலமான ஒரு பட்டைதான் சரி. பிரஷாந்தி ஒரேயொரு நிபந்தனை வைத்தாள். போட்டி இல்லை, தோளோடு தோள் ஒட்ட ஓட வேண்டும். ஒருத்தி முந்தினால் செல்லாது. படத்தில் இருவரும் சம வேகத்தில் வருவதால் இங்கேயும் சம வேகம் வேண்டும்.

முதல் ஓட்டம் செல்லவில்லை. பாதித் தூரத்திலேயே நிஸ்லாவின் தோள் முன்னுக்குப் போய்விட்டது. பழக்கதோஷம் என்றாள். இரண்டாவது ஓட்டத்தில் தோள் பிசகவில்லை. ஆனால் இவர்கள் குனிந்து மூச்சு வாங்குவதற்குள் பற்றைக்குள்ளிருந்து இரண்டு கழுதைகள் வந்து, தடங்களின் மேலாலேயே ஆற அமர நடந்து போய்விட்டன. மூன்றாம் நாலாம் இடத்துக்கும் ஆள் வந்துவிட்டது என்றான் ஜெராட்.

மூன்றாவது ஓட்டத்துக்கு பிரஷாந்தியின் முழங்கால் மறுத்தது. ஓடினாள். ஜெராட் பக்கத்தால் ஓடிவந்து, கடைசிவரை தோள் ஒட்டித்தான் இருந்தது என்று சாட்சி சொன்னான். கழுதைகளைத் துரத்த அவனையே காவல் வைத்துவிட்டு இருவரும் தடத்தைப் பார்க்கப் போனார்கள்.

இரண்டு வரிசைத் தடங்கள் அருகருகே கிடந்தன. வேகம் சீரான இடத்தில் இரண்டு பேருடைய காலும் கிட்டத்தட்ட ஒரே நேரில் பதிந்திருந்த ஓர் இடத்தை பிரஷாந்தி கண்டுபிடித்தாள். அங்கே வலைக்கயிற்றின் ஒரு முனையை வைத்து நேராக இழுத்தாள். ஜெராட் அளந்து வெட்டிக் கொடுத்த கயிறு, பதினெட்டு மீற்றர். பிறகு தன் தடங்களுக்கு இடையில் உள்ள இடைவெளிகளை எண்ணினாள். கயிறு முடியும் இடத்தில் பத்து. நிஸ்லாவின் இடைவெளிகளை எண்ணினாள். பன்னிரண்டு வந்தது. பிழையாக எண்ணிவிட்டோம் என்று திரும்பி வந்து எண்ணினாள். பன்னிரண்டுதான்.

"என்ன, இவ்வளவு தடம் காணாதோ?" என்றாள் நிஸ்லா.

பிரஷாந்தி மணலில் குந்தி, விரலால் பத்து என்று எழுதினாள், பக்கத்தில் பன்னிரண்டு என்று எழுதினாள். இருவரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடித்தவர்கள். அப்படியென்றால், அவள் பத்து எட்டு வைத்த அதே நேரத்தில் நிஸ்லா பன்னிரண்டு எட்டு வைத்திருக்கிறாள். கட்டைக் காலின் எட்டு சின்னதுதான். அந்தச் சின்ன எட்டை அவள் கெதியாக, சட்டுச் சட்டென்று வைக்கிறாள். அவ்வளவுதான் விசயம். பிரஷாந்தி காலைச் சுருக்கினாள், எட்டைச் சுருக்கினாள், நேரத்தைச் சுருக்க மறந்துபோனாள். ஓட்டத்தில் ஒரு எட்டுக்கு ஆறு படம் என்று பாடத்தில் படித்ததை, எல்லாக் காலுக்கும் பொது என்று நினைத்துவிட்டாள்.

அவள் ஈரமணலில் அப்படியே இருந்து சிரிக்கத் தொடங்கினாள். தங்கைக்கு வெயில் பிடித்துவிட்டதோ என்று ஜெராட் தூரத்திலிருந்து கேட்டான்.

அன்று பகல் முழுக்க நிஸ்லாவை முதலிலிருந்து வரைந்தாள். இந்த முறை தன் உருவத்தின் மேல் வைத்து வரையவில்லை. தடங்களை நினைவில் வைத்து, குதி படாமல் முன்பாதம் மட்டும் ஆழமாகப் பதிந்திருந்ததையும் பார்த்து வரைந்தாள். மூக்கு கொஞ்சம் கோணலாக வந்தது, விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் நிஸ்லா சாப்பாட்டு நேரத்தில் வந்தாள். கதிரையில் இருக்கவில்லை, நின்றுகொண்டே பார்த்தாள். திரையில் நெட்டைப் பெண் நீள நீளமாக எட்டு வைத்தாள். பக்கத்தில் கட்டைப் பெண்ணின் கால்கள் படபடவென்று விழுந்தன, விழுந்த இடத்தில் நின்றன, தரையைப் பின்னால் தள்ளின. கடைசியில் ஒரு தோள் முந்தியது. நிஸ்லா கையைக் கட்டிக்கொண்டு திரும்பவும் போடச் சொன்னாள். மூன்றாவது தரம் பார்க்கும்போது தன்னையறியாமல் குதிக்காலை உயர்த்திக்கொண்டு நின்றாள்.

பிறகு கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்து, மேசையில் வைத்து, பேனை கேட்டாள். ஒப்பம் வைத்து முடித்துவிட்டு, "என்னடி செய்தனி?" என்று கேட்டாள்.

"தரையில கை வைக்கேல்லை," என்றாள் பிரஷாந்தி. "படத்துக்குப் படம் அது முப்பது சென்ரிமீற்றர்தான் பின்னால போகுது, ரெண்டு பேருக்கும் அதேதான். என்ர ஒரு எட்டு, நூற்றியெண்பது சென்ரிமீற்றர், அதுக்கு ஆறு படம். உன்ர ஒரு எட்டு, நூற்றியைம்பது, அதுக்கு அஞ்சு படம்."