ஒரு பெட்டிக்கு இரண்டு தோள்

குளிர்கிடங்கின் கதவு திறக்கவில்லை. மீன் லாரியின் அடியிலிருந்து ஒழுகிய தண்ணீர் வாசல் வரை வந்துவிட்டது. உள்ளே பாதி அறை காலியாகக் கிடந்தும் கணினி 'இடமில்லை' என்று அடம் பிடித்தது. அது சொல்லாமல் கதவு அசையாது.

"மாப்பிள்ளை, ஐஸ் எல்லாம் தண்ணியாப் போகுது. மீன் கெட்டுப்போச்சுன்னா என் வண்டிக்கு இனிமே எவன் சரக்கு தருவான்?" லாரிக்காரர் ஜன்னலைத் தட்டினார்.

நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்ப்பதால் கிடங்கில் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளை. அங்கே ஓடும் ஜாவா செயலியை எழுதிய இருவரில் ஒருவன்.

"அஞ்சு நிமிஷம்ணே."

"காலைலேருந்து இதே அஞ்சு நிமிஷம்தான்."

காலையில் பெட்டிக் கணக்கைச் சேமிக்கும் புதிய மாட்யூலைச் செயலியில் ஏற்றியதிலிருந்து ஒவ்வொரு பெட்டியும் இரண்டாகப் பதிவாகி, பாதி அறையிலேயே கணக்கு நிரம்பிவிட்டது. 'சேமிக்கிறது யார்?' என்று செயலி கூப்பிட்டால் ஒரு குரல்தான் வர வேண்டும். இரண்டு வந்தது. ஒரு பெட்டிக்கு இரண்டு தோள். பழைய மாட்யூல் எங்கோ ஒளிந்திருக்கிறது என்று அதைத் தேடிப் பிடித்துத் தூக்கி எறிந்தான். செயலியை நிறுத்தி மறுபடி ஓடவிட்டான். சேமிக்கும் ஆள் யார் என்று காட்டும் சேவைப் பட்டியலில் அப்போதும் இரண்டு. இரண்டுமே புதியதன் பெயரில்.

அவனுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. தன்னோடு சேர்ந்து செயலியை எழுதிய அக்காவை போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டான்.

"அந்தப் புது மாட்யூலை நீங்க பட்டியல்ல பதிவு பண்ணீங்களாக்கா?"

"ஆமா, புரோகிராமுக்கு மேலேயே குறிப்பு போட்டேன். தானாப் பதிவாயிடும்."

"நான் வேற கையால பதிவு பண்ணியிருக்கேனே!"

"நீ எதுக்குடா பண்ணின?"

"நீங்க மறந்திருப்பீங்கன்னு."

"நல்லாயிருக்கு. நீ மறந்துடுவேன்னுதான் நான் போட்டேன்."

அவன் தன் வரியை அழித்தான். இரட்டைப் பதிவுகளையும் துடைத்துவிட்டு ஓடவிட்டான். லாரிக்காரர் உள்ளேயே வந்து முதுகுக்குப் பின்னால் நின்றார். இப்போது பட்டியலில் ஒன்றுகூட இல்லை. சேமிக்க ஆளே இல்லை.

"அக்கா, உங்க குறிப்பு எங்க?"

"எடுத்துட்டேனே. நீ எங்க உன்னோடதை எடுக்கப்போறே, நாமளே நம்மளோடதை எடுத்துடுவோம்னு..."

லாரிக்காரர் தலையில் கை வைத்தார். "ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா?"

"இல்லண்ணே."

"அப்ப ஒருத்தருக்கொருத்தர் பேசிக்க வேண்டியதுதானே!"

"அக்கா, குறிப்பைத் திரும்பப் போடுங்க. நான் எதையும் தொட மாட்டேன்." சொன்னபடியே கையைக் கட்டிக்கொண்டான். விரல்கள் கட்டுக்குள் துடித்தன.

பட்டியலில் ஒன்று வந்தது. கதவு முனகிக்கொண்டு விலகியது. லாரிக்காரர் ஓடிப்போய் மேல் பெட்டியைத் திறந்து, மணிக்கட்டு வரை கையை விட்டுப் பார்த்தார்.

"சில்லுனுதான்யா இருக்கு!"

மாப்பிள்ளை திரும்பவில்லை. முதல் பெட்டி பதிவானது. ஒன்று. நம்பாமல் திரையை மறுபடி புதுப்பித்துப் பார்த்தான். ஒன்றுதான்.